இல்லம் புகுந்த ஹாம்ஸ்டரும் இளஞ்சிறாரும்

 

நகரத்து இல்லங்கள் சிலவற்றில் குழந்தைகளின் விருப்பத்திற்கிணங்க ஹாம்ஸ்டர் என்னும் சிற்றுயிர் வளர்க்கப்படுகின்றது. உயிரைக் கட்டிவைத்தலையும், உணவும் நீரும் மறுத்தலையும் அகிம்சை அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகின்றது. ஆதலின், இதனை விலைகொடுத்து வாங்காதிருத்தலே சிறப்பு. எனினும், பிறந்தநாள் பரிசாகவோ, வளர்க்க இயலாதவர் விட்டுச் சென்றதாகவோ அஃது இல்லம் புகுந்துவிட்டால், தெருவில் விடுதல் அறமாகாது. பூனைக்கும் காக்கைக்கும் இரையாகிவிடும். வந்த உயிரை அச்சமின்றி வாழச் செய்தலே இல்லத்தார் கடன்.

தங்கநிற ஹாம்ஸ்டரின் தாயகம் சிரியா நாட்டின் அலெப்போ நகரைச் சூழ்ந்த வயல்வெளி. 1930-ஆம் ஆண்டில் விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனி அங்கே ஏறத்தாழ எட்டடி ஆழம் தோண்டச் செய்து, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் வளையிலிருந்து எடுத்தார். அந்தக் கலக்கத்தில் தாயே தன் குட்டியொன்றைக் கடித்துக் கொன்றது. இன்று இல்லங்களில் வளரும் தங்கநிற ஹாம்ஸ்டர்களுள் பெரும்பாலானவை அக்குடும்பத்தின் வழிவந்தவையே. அச்சம் இவ்வுயிரை எத்துணை வருத்தும் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

இது பகலில் உறங்கி இரவில் உலவும். கண்பார்வை குறைவு, மோப்பமும் செவியும் கூர்மை. மேலிருந்து இறங்கும் கை, இதற்குப் பருந்தின் நிழல் போன்றது. தனித்து வாழும் இயல்பினதாதலின், துணை வேண்டும் என்று கருதி ஒரே கூண்டில் இரண்டை வைத்தல் கூடாது; சண்டையிட்டு மாயும்.

கூண்டு மூன்றடி நீளத்திற்குக் குறையாதிருத்தல் நன்று. வளை தோண்டுவதற்கு முக்கால் அடி உயரம் காகிதத் துகளோ உமியோ பரப்புக. பஞ்சு வேண்டா, கால்களில் சிக்கிக்கொள்ளும். கோடையில் வீட்டின் குளிர்ந்த அறையில் கூண்டை வைத்து, சிறு மண்கலயம் ஒன்றைச் சாய்த்து வைத்தால் அதனுள் படுத்து வெப்பம் தணிக்கும்.

இனிப் பழக்கும் முறை. முதல் மூன்று நான்கு நாட்கள் உணவும் நீரும் வைப்பதன்றி அதனைத் தொடுதல் கூடாது. சிறார் கூண்டருகே அமர்ந்து மெல்லிய குரலில் பேசுக, குரல் பழகும். அடுத்த நாட்களில், அது தானே விழித்து வெளிவரும் மாலைப்பொழுதில், கையை நன்கு கழுவி, உள்ளங்கையைத் தரையோடு வைத்து, ஒரு சூரியகாந்தி விதையை அதன்மேல் இடுக. கையில் உணவின் மணம் இருப்பின் விரலையே உணவென்று கடிக்கும். அது முகர்ந்து ஓடலாம். விதையைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு ஓடலாம். ஓடவிடுக. பின்தொடர்ந்து பிடித்தால் பல நாள் முயற்சி ஒரு நொடியில் அழியும்.

தானே கைமேல் ஏறி நின்ற பின்னரே, இரு கைகளையும் குவித்து, தரையில் அமர்ந்தபடியே சிறிது உயர்த்துக. நின்றுகொண்டு தூக்கினால், துள்ளி விழுந்து எலும்பு முறியும். கடித்தால் உதறுதலும் அடித்தலும் ஆகா. கையை மெல்லத் தாழ்த்தி இறக்கிவிட்டு, காயத்தைச் சோப்பிட்டுக் கழுவுக. இளங்குழந்தைகள் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

உணவளித்தலில் ஒரு சொல். கதிரவன் மறைந்தபின் உண்ணாதிருத்தல் இல்லத்தார் கொண்ட விரதம். அஃது இவ்வுயிர்க்கு உரியதன்று. பொழுது சாயுமுன்பே தானியமும், உப்பிடாது வேகவைத்த பருப்பும், ஒரு துண்டு வெள்ளரியும் வைத்துவிட்டால், விழிக்கும் வேளையில் அது உண்ணும். வெங்காயமும் பூண்டும் இதற்கு ஆகா.

இதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. சில ஹாம்ஸ்டர்கள் இரண்டு வாரத்தில் பழகும்; சில, வாழ்நாள் முழுதும் கைமேல் ஏறா. அத்தகையதை வற்புறுத்தாது, அதன் வளையிலேயே வாழவிட்டு, நாள்தோறும் உணவும் நீரும் வைத்துவரும் சிறுவனைக் கண்டால் பெற்றோர் பாராட்டுக. தன்னை விரும்பாத உயிர்க்கும் தீங்கிழையாது பணிசெய்ய அவன் கற்றுக்கொண்டான்.