அளந்தறிய வேண்டிய நீர்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையினுள் ஊறித் தேங்கும் நீரே நமது குடிநீர். நமது தோட்டங்களுக்கும் அதுவே உயிர். ஆகவே, அந்நீர் நன்றா தீதா என்பதை நாமே அறிந்திருத்தல் வேண்டும்.

கலங்கல், நிறம், மணம் ஆகிய பௌதிக இயல்புகளைக் கண்ணும் மூக்குமே காட்டிவிடும். மின்கடத்துதிறனைக் கருவி காட்டும். கரைந்த உப்பு மிகுந்தால் அது உயரும். இரசாயன அளவைகளுள் பீ.எச். என்பது நீர் அமிலமா காரமா என்பதைச் சொல்லும், 7 நடுநிலை. கேத்தலின் அடியிற் படியும் வெண்சுண்ணம் வன்மையின் அடையாளம். அது நமது பாறையின் இயல்பு. அதனாலேயே நீர் நஞ்சாகிவிடாது. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் உவர்ப்புத் தட்டும். நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது விதி. அளவுக்கு மிஞ்சி இறைத்து அந்த ஓரடியை இழப்போமாயின், இழப்பது எவ்வளவென்று எண்ணிப் பாருங்கள்!

நைத்திரேற்றோ கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாக, செறிவு கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிஞ்சிய நீரிற் பால்மாக் கரைத்தூட்டினால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலிமையை இழக்கக்கூடும்; உடல் நீலம் பாரிக்கும். மிகையாக இட்ட யூரியாவும் கிணற்றையடுத்த மலக்குழியுமே இதற்கு முக்கிய வாயில்கள். கமக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. அளந்திடும் பசளை அவருக்கும் இலாபமே.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. மக்களின் முறைப்பாட்டுக்கு அரணாக நின்றவை ஆய்வுகூட அளவீடுகளே.

ஆதலால், ஊர்தோறும் மாரி முடிவிலும் கடுங்கோடையிலும் கிணற்றுநீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். முடிவுகளைத் திகதியிட்டு வாசிகசாலையில் எல்லோரும் காண ஒட்டுவோம். படித்தவர்கள் அவ்வெண்களை ஊராருக்கு விளக்குதல் கடன். பிரதேச சபையின் வாயிலிலே நாளை நாம் நிற்க நேர்ந்தால், வெறுங்கையோடு நிற்கலாகாது, அளவுகளோடு நிற்போம்!