வளரும் பருவத்து உணவு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுவரையுள்ள நம் மக்கள் எதனை உண்கின்றார்கள் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் கற்பிக்கும் நமக்கு உணவைப்பற்றிப் பேச யாது உரிமை எனச் சிலர் கருதக்கூடும். வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கும் மாணாக்கர்க்குப் புணர்ச்சி விதி நடத்துவோர்க்கு அவ்வுரிமை தானே வந்துவிடும்.

1942-இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூரில் ஏழைகளின் உயிரைக் காத்தது மரச்சீனிக்கிழங்கு. அதனோடு சாளைமீனும் சேர்ந்தவிடத்துப் புரதமும் கிடைத்தது. இன்று அத்தகைய பஞ்சம் இல்லை. ஆயினும் காலையில் யாதும் உண்ணாது பள்ளிக்கு ஓடி, மாலையில் உருளைக்கிழங்குச் சீவலும் குளிர்பானமும் வாங்கும் பிள்ளைகள் பலர். அப்பானங்கள் பலவற்றில் 300 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. வீட்டுக் காப்பியில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை இட்டால் எந்தத் தாய் பொறுப்பாள்? கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலினின்று 50 மீட்டருக்குள் விற்றலாகாதென 2020-இல் இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் நடந்துசெல்ல நம் பிள்ளைகளுக்குக் கால் வலிப்பதில்லை!

இவற்றினும் நாம் அஞ்சுவது வேறொன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தச்சோகை உடையோர். அவ்வயது ஆண்களில் 31 பேர். இவ்வேறுபாட்டுக்கு மாதவிலக்கு முதற் காரணம் என்பது உண்மையே. எனினும் நமது அடுக்களைகளுக்கு அதிற் பங்கில்லை என்று கூறிவிட முடியுமா? மீன்துண்டம் அண்ணனுக்கும், எஞ்சிய குழம்பு தங்கைக்கும் என்னும் பங்கீடு நம் இல்லங்களில் இன்னும் அடியோடு ஒழிந்தபாடில்லை. பெண் பூப்பெய்தியவுடன் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கின்றோம். வழக்கத்தின் கருத்து மிக நன்று. ஆனால் சடங்கு முடிந்ததும் அது நின்றுவிடுகிறது. இரத்த இழப்போ மாதந்தோறும் தொடர்கிறது. பந்தலுக்கும் விருந்துக்கும் கடன்படத் துணியும் நாம், நாளொன்றுக்கு ஒரு முட்டைக்குக் கணக்குப் பார்க்கின்றோம்.

2013 முதல் வளரிளம் பருவத்தினர்க்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் நாடெங்கும் நடைபெற்று வருகிறது. வயிறு புரட்டுகிறதென்று அதனைச் சன்னல் வழியே எறிவோர் உளர். உணவுக்குப் பின் உட்கொண்டால் அவ்வுபாதை பெரிதும் குறையும். அதனையடுத்துத் தேநீர் பருகலாகாது. தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது தடுக்கும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அது சேர்வதற்குத் துணைசெய்யும். முருங்கைக்கீரை நம் புறக்கடையிலேயே நிற்கிறது.

கூட்டம் முடிந்ததும் சுண்டலும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது மட்டிப்பழமும் வழங்கப்பெறும் என்று காரியதரிசி அவர்கள் தெரிவிக்கின்றார்கள். முதற்பந்தியில் பெண்மக்களை அமர்த்துமாறு கேட்டுக்கொள்கின்றோம்.