"எனக்கு ஒண்ணும் ஆகாது!" – இளைஞர்களோடு சில வார்த்தைகள்



ஹெல்மெட் பற்றிப் பேச்செடுத்தாலே வாலிபப் பிள்ளைகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் ஆகாது சார், நான் நல்லா ஓட்டுவேன்." நல்லா ஓட்டத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் டீன் என்றொரு சினிமா நடிகர். 1955 மார்ச்சில் அவர் கதாநாயகனாக நடித்த முதல் படம் வெளியானது. இளைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கார்ப் பந்தயங்களிலும் கலந்துகொண்ட கெட்டிக்காரர். அந்த ஆண்டு செப்டம்பரில், "நிதானமாக ஓட்டுங்கள்" என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்லும் பிரசாரப் படத்தில்கூடப் பேசினார்.

அதே செப்டம்பர் 30-ம் தேதி, கலிபோர்னியாவில் ஒரு பந்தயத்துக்காகத் தம் போர்ஷே காரை ஓட்டிச் சென்றார். வழியில் அதிவேகத்துக்காகப் போலீசார் அபராதச் சீட்டு கொடுத்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, எதிரே வந்த கார் குறுக்கே திரும்ப, இரண்டும் மோதின. டீன் மாண்டார். வயது 24. அவருடைய முக்கியப் படங்கள் மூன்றே மூன்று. அதில் இரண்டு, அவர் மறைந்த பிறகுதான் திரைக்கு வந்தன.

கவனியுங்கள். அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை; ஆபத்து தெரியாமலும் இல்லை. ஆனால் நம் திறமை நம் வண்டியோடு சரி. எதிரே வருகிறவர் நிற்பாரா, திரும்புவாரா என்பது நம் கையில் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

இந்தத் துணிச்சல் ஏன் வருகிறது? பின்விளைவை எண்ணிப் பார்த்து மனத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. கூட நண்பர்கள் இருந்தால் வேகம் இன்னும் ஏறுகிறது. உலகெங்கும் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயல்ல, விபத்து!

ஆகவே:

1. ஹெல்மெட் போட்டு, தாடைப் பட்டையை மாட்டுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் அவசியம். காரில் சீட் பெல்ட் போடுங்கள்.

2. குடித்திருந்தால் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

3. பெற்றோர்களே, 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி உங்களுக்கே 3 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

4. விபத்தைக் கண்டால் வேடிக்கை பார்க்காமல் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

தம்பிமார்களே, நண்பன் சீறிப் பாயும்போது கைதட்டாதீர்கள். "டேய், மெதுவாப் போடா, வீட்டிலே அம்மா பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் அறிவுரை. நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்.