கொடுத்த கூலியும் கேட்டுப் பெற்ற கூலியும்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சங்கம் கேட்டா ஃபோர்டு முதலாளி தம் ஆட்களுக்கு நாளைக்கு ஐந்து டாலர் கொடுத்தார்? முதலாளி நல்லவராக இருந்தால் தாமாகவே கொடுப்பார். பிறகு நமக்குச் சந்தா எதற்கு?" என்றார். அவரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நிர்வாகம் கேட்காமலே ஒரு தொகையைக் கொடுத்ததும் பலர் சந்தாவை நிறுத்திவிட்ட செய்தியை நீங்கள் அறிவீர்கள். ஆகவே செயலாளர் என்னைப் பார்த்து, "கிராணியாரே, அந்த ஃபோர்டு கம்பெனியின் கதையை முழுக்கச் சொல்லுங்கள்" என்றார். பாதிக் கதையோடு நிறுத்தினால் இளைஞர் சொன்னது சரி. முழுக் கதையையும் கேட்டபின் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஹென்றி ஃபோர்டு 1863-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். அவருக்கு ஏர் பிடிப்பதில் நாட்டமில்லை. இயந்திரங்களிலேயே மனம் சென்றது. டெட்ராய்ட் நகரில் எடிசன் பெயரால் நடந்த மின்விளக்குக் கம்பெனியில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு வண்டியை உருவாக்கினார். நான்கு சைக்கிள் சக்கரங்கள், அவற்றின்மேல் ஒரு சிறு பெட்ரோல் எஞ்சின். 1896 ஜூன் மாதம் வண்டி முடிந்தது. ஆனால் கொட்டகை வாசலில் அது நுழையவில்லை. கோடரியால் சுவரை இடித்துத்தான் வெளியே ஓட்டினார்.

அதன்பின் அவர் கைவைத்த முதல் கம்பெனி மூடப்பட்டது; இரண்டாவதிலிருந்து அவரே விலகினார். மூன்றாவதாக, 1903 ஜூன் 16-ஆம் நாள், 28,000 டாலர் ரொக்க முதலுடன் ஃபோர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது.

அந்நாளில் மோட்டார் வண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருள். அதைச் சாதாரண விவசாயியும் வாங்க வேண்டும் என்பது ஃபோர்டின் எண்ணம். 1908 அக்டோபரில் 'மாடல் டி' வந்தது. நான்கு சிலிண்டர், இருபது குதிரைச் சக்தி, வனேடியம் கலந்த உறுதியான உருக்கு, சேற்றுப் பாதையிலும் அடி தட்டாத உயரம். விலை 850 டாலர். 1927-இல் அதை நிறுத்தும்வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்து முடித்தார்கள். இடையில் 1925-இல் மிக மலிவான வகையின் விலை 260 டாலருக்கு இறங்கியது.

ஒன்றரைக் கோடி வண்டிக்கு நான்கு டயர் வீதம் கணக்குப் போட்டால் ஆறு கோடி டயர்கள். தேய்ந்து மாற்றியவை தனி. அந்த டயர்களுக்குப் பால் எங்கிருந்து போயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடல் டி ஓடிய காலமும் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி இம்மண்ணுக்கு வந்த காலமும் ஒன்றே.

விலை எப்படி இறங்கிற்று? நம் தோட்டத்தில் ஆள் மரத்தைத் தேடிப் போகிறார். ஃபோர்டு ஆலையிலோ வண்டி ஆளைத் தேடி வந்தது. ஹைலண்ட் பார்க் என்னும் இடத்தில் இருந்த ஆலையில் 1913-இல் ஓடும் வரிசை முறையைப் புகுத்தினார்கள். வண்டியின் அடிச்சட்டம் மெல்ல நகர்ந்து வரும். ஒருவர் ஒரு திருகாணியை வைப்பார், அடுத்தவர் அதை முடுக்குவார். அதற்குமுன் ஓர் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. 1914-இல் அது ஒரு மணி 33 நிமிடமாகக் குறைந்தது.

கம்பெனிக்கு இது பெரிய வெற்றி. தொழிலாளிக்கு? காலையிலிருந்து மாலைவரை அதே திருகாணி, அதே கைவீச்சு. வரிசையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் வேறொருவர். சகிக்க முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். நூறு பேர் நிற்க வேண்டிய இடத்துக்கு அந்த 1913-ஆம் ஆண்டில் மட்டும் 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒருவருக்குக் கற்றுக் கொடுப்பதற்குள் அவர் போய்விடுவார். வரிசையில் ஓர் ஆள் குறைந்தால் வரிசையே நிற்கும்.

இந்த நிலையில்தான் 1914 ஜனவரி 5-ஆம் நாள் அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பு வந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 காசாக இருந்த கூலி, இனி எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர்! அறிவிப்பைக் கேட்டு வேலை தேடிப் பல்லாயிரம் பேர் ஆலை வாசலில் திரண்டார்கள். உறைபனிக் குளிரில் அவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டினார்கள்.

தோழர்களே, அந்த ஐந்து டாலரை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நன்றாகச் சாப்பிட்டன, வீடு வாங்கின. ஆனால் செக்ரோல் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு தொகை எந்தப் பத்தியில் எழுதப்படுகிறது என்பது முக்கியம். சம்பளப் பத்தியில் இருந்தால் அது உரிமை. இனாம் பத்தியில் இருந்தால் அது தயவு. ஃபோர்டின் ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதிதான் சம்பளம். மீதி 'இலாபப் பங்கு' என்று எழுதப்பட்டது. அதைப் பெறச் சில தகுதிகள் வேண்டும். தகுதியைப் பார்க்கக் கம்பெனியில் 'சமூக இலாகா' என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரிகள் தொழிலாளியின் வீட்டுக்கே வருவார்கள். வீடு சுத்தமா, குடிக்கிறாரா, பணம் சேர்க்கிறாரா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். பிடிக்காவிட்டால் பங்கு நிற்கும். பெண் தொழிலாளருக்கு முதலில் அந்தப் பங்கு இல்லவே இல்லை. லயத்துக்குள் எட்டிப் பார்த்த கங்காணியின் கதையைப் பெரியோர் வாயால் கேட்ட நமக்கு இது புதிதா?

தயவாக வந்தது எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். கம்பெனி ரூஜ் ஆற்றங்கரையில் மாபெரும் ஆலை ஒன்றைக் கட்டியது. ஒரு பக்கம் இரும்புத் தாது கப்பலில் வந்து இறங்கும். மறுபக்கம் கார் வெளியே போகும். 1927 முடிவில் 'மாடல் ஏ', 1932-இல் எட்டுச் சிலிண்டர் 'வி-8' என்று புதுப்புது வண்டிகள் வந்தன. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய 1929-இல் ஃபோர்டு கூலியை 7 டாலராக உயர்த்தினார், நாடே பாராட்டிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அவரே அதை 4 டாலராக்கினார். உயர்த்தும்போது யாரையும் கேட்கவில்லை, குறைக்கும்போதும் கேட்கவில்லை. பல்லாயிரம் பேர் வேலையும் இழந்தார்கள். 1932 மார்ச் 7-ஆம் நாள் வேலையிழந்தோர் டெட்ராய்டிலிருந்து ரூஜ் ஆலைக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். போலீசாரும் கம்பெனிக் காவலரும் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். ஐந்தாமவர் பின்னர் இறந்தார்.

ஆலைக்குள் ஹாரி பென்னட் என்பவரின் கீழ் காவல் படை ஒன்று இருந்தது. சங்கம் என்ற சொல்லை உச்சரித்தவர் வெளியே. பேசினாலே குற்றம் என்பதால் உதட்டை அசைக்காமல் பேசத் தொழிலாளர் பழகிக்கொண்டார்கள். 'ஃபோர்டு முணுமுணுப்பு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

இதற்கிடையில் நம் தொழிலிலும் ஃபோர்டு கைவைத்தார். 1922-இல் ஆங்கில அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியது. சொந்த ரப்பர் வேண்டும் என்று ஃபோர்டு 1927-இல் பிரேசில் நாட்டில் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் சுமார் 25 லட்சம் ஏக்கர் காட்டைப் பெற்றார். 1876-இல் விக்ஹாம் என்பவர் ரப்பர் விதை எடுத்துச் சென்றது அந்த ஆற்றுப் பக்கத்திலிருந்துதான். அந்த விதையின் சந்ததியே நாம் வெட்டும் மரம். 'ஃபோர்ட்லாண்டியா' என்று ஊருக்குப் பெயர் வைத்தார்கள். காட்டில் ஒன்றுக்கொன்று தூரத்தில் வளரும் மரத்தை அங்கே நெருக்கமாக நட்டதால் இலைக்கருகல் நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவி எல்லாவற்றையும் அழித்தது.

மரத்தைப் போலவே மனிதரையும் அங்கே புரிந்துகொள்ளவில்லை. வெயில் ஏறுமுன் வேலை செய்து பழகியவர்களை ஆலை மணிக்கு உச்சி வெயிலில் வேலை செய்யச் சொன்னார்கள். மது கூடாது, உணவும் கம்பெனி சொன்னபடிதான். 1930 டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் மூண்ட தகராறு பெருங்கலகமாயிற்று. தொழிலாளர் முதலில் உடைத்தவற்றில் நேரம் பதியும் கடிகாரங்களும் இருந்தன. அதிகாரிகள் படகேறித் தப்பினார்கள். பின்னர் பெல்டெர்ராவில் இன்னொரு தோட்டம் போட்டார்கள். அதுவும் கைகொடுக்கவில்லை. 1945-இல் எல்லாவற்றையும் சொற்பத் தொகைக்குப் பிரேசில் அரசிடமே விட்டார்கள். ஹென்றி ஃபோர்டு ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை.

மீண்டும் டெட்ராய்டுக்கு வருவோம். 1935-இல் சங்கம் சேரும் உரிமைக்கு அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதே ஆண்டு மோட்டார் தொழிலாளர் ஐக்கிய சங்கமும் பிறந்தது. 1937-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய இரு பெரிய கம்பெனிகளும் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்தன. ஃபோர்டு மட்டும் முடியாது என்றார். அவ்வாண்டு மே 26-ஆம் நாள் வால்டர் ரூதர், ரிச்சர்டு பிராங்கன்ஸ்டீன் முதலியோர் ரூஜ் ஆலை வாசல் பாலத்தில் துண்டறிக்கை கொடுக்கப் போனார்கள். பென்னட்டின் ஆட்கள் அவர்களை அடித்து உதைத்துப் படிகளில் உருட்டினார்கள். துண்டறிக்கை கொடுத்த பெண்களையும் விடவில்லை. பத்திரிகைப் படக்காரர்களிடமிருந்து படத்தைப் பிடுங்க முயன்றார்கள். ஒருவர் மறைத்துக் கொண்டுபோன படங்கள் மறுநாள் உலகுக்கு உண்மையைக் காட்டின.

அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் ஆயின. 1941 ஏப்ரல் முதல் நாள், சங்கத்துக்காகப் பேசிய எட்டுப் பேரை வேலையிலிருந்து நீக்கியதும் ரூஜ் ஆலை நின்றது. ஆலைக்குப் போகும் சாலைகளில் தொழிலாளர் தங்கள் கார்களையே குறுக்கே நிறுத்தி வழியை மறித்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கறுப்பினத் தொழிலாளருக்கு மற்ற கம்பெனிகளைவிட ஃபோர்டு அதிகமாக வேலை கொடுத்திருந்தார். ஆனால் பெரும்பாலும் வார்ப்படச் சாலையின் வெந்தணலில். வேலை கொடுத்தவர் என்ற நன்றியால் அவர்களில் பலர் முதலில் ஆலைக்குள்ளேயே தங்கினார்கள். வெள்ளையர், கறுப்பர் என்று பிரிந்து நின்றால் இருவரும் தோற்பார்கள் என்பதை அவர்களுடைய சொந்தத் தலைவர்களே வந்து எடுத்துச் சொன்னார்கள். சுமார் பத்து நாளில் வேலை நிறுத்தம் முடிந்தது. மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. ரூஜ் ஆலையில் நூற்றுக்கு எழுபது பேர் அச்சங்கத்துக்கு வாக்களித்தார்கள். சங்கமே வேண்டாம் என்றவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ஜூன் 20-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சங்கச் சந்தாவைக் கம்பெனியே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கவும் சம்மதித்தது.

இளைஞரே, இங்கே நின்று எண்ணிப் பாருங்கள். ஐந்து டாலர் கொடுத்தவர்களின் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கொடைக்கு 27 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கம்பெனியின் தொழிலாளர் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். முதலாளியின் தயவில் வாழ்ந்து பார்த்தவர்களின் தீர்ப்பு அது.

ஒப்பந்தத்தால் கம்பெனி அழிந்துவிடவில்லை. போர்க்காலத்தில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பி-24 விமானங்களைச் செய்தது. ஹென்றி ஃபோர்டு 1947-இல் மறைந்தார். பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு நிர்வாகத்தில் 1948-இல் 'எஃப்' வரிசை லாரி வந்தது. 1964-இல் 'மஸ்டாங்' வந்து சக்கைப்போடு போட்டது. இடையில் 1957-இல் வந்த 'எட்செல்' பெருநஷ்டத்தில் முடிந்தது. ஏற்றமும் இறக்கமும் இருந்தன. ஆனால் இறக்கத்திலும் தொழிலாளியின் கையில் ஒரு தாள் இருந்தது. 1949-இல் அரசாங்கத் தொகையும் சேர்ந்து மாதம் 100 டாலர் ஓய்வூதியம், 1955-இல் ஆலை வேலை நிறுத்திவைக்கும் காலத்துக்கு உதவித் தொகை என்று ஒவ்வொன்றாகப் பெற்றார்கள். 2023-இல் மீண்டும் 41 நாள் போராடி, நாலரை ஆண்டு ஒப்பந்தத்தில் நூற்றுக்கு 25 உயர்வு பெற்றார்கள்.

நம் பக்கத்திலும் ஃபோர்டின் சுவடு உண்டு. சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் 1941 அக்டோபரில் ஃபோர்டு ஆலை திறந்தது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், ஆங்கிலப் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அந்த ஆலையில்தான். 1980-இல் ஆலை மூடப்பட்டது. பிற்பாடு நினைவுக் கூடமாயிற்று. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

முடிக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்த தொகையை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மகிழ்ச்சியோடு வாங்கட்டும். ஆனால் அது எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்று கேட்கட்டும். அடுத்த ஆண்டும் வருமா, ரப்பர் விலை சரிந்தால் நிற்குமா, நிறுத்தினால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கும் இடம் ஒன்றே ஒன்று, நம் கூட்டு ஒப்பந்தம். அதைப் படியுங்கள்; படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துச் சொல்லுங்கள். சந்தாவை நிறுத்தியவர்களைப் பழிக்காமல் வீடு தேடிப் போய்ப் பேசுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் நன்றி. அவர் கேட்டதால்தான் நாம் எல்லோரும் ஒரு வரலாற்றைப் பேச முடிந்தது.