கருவி மாறினால் பூச்சிய வழுவைப் பார்

(நூற்றாண்டு விழாவை ஒட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



மருத்துவத் துறையில் எனக்குக் கிடைத்த அனுபவம் ஒன்றைச் சொல்லும்படி செயலாளர் கேட்டிருந்தார். அறுவைச் சிகிச்சைக் கதை ஒன்றை எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லப்போவது ஒரு கணினித் தொகுதி இடம்மாறிய கதை. அதில் நான் விட்ட பிழையும் இருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்த எனக்கு உதவியது இந்தக் கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடம். அதனால் இதைச் சொல்ல இந்த மண்டபமே பொருத்தமான இடம்.

நான் பிரித்தானியாவில் மறதிநோய் மருத்துவராகப் பணிபுரிகிறேன். வாரத்தில் பாதி நாள் நோயாளர்களைப் பார்க்கிறேன். மீதி நாள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு. முதியவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதியின் பருமனை அளக்கிறோம். நினைவாற்றலுக்கு மிக அவசியமான பகுதி அது. இயல்பான முதுமையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 வீதம் வரை சுருங்கும். அல்ஸைமர் நோயில் 3 முதல் 5 வீதம் வரை சுருங்கும். இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் எங்கள் முழு ஆய்வும் நிற்கிறது.

ஒரு மூளைப் படத்தை அளந்து முடிக்க ஒரு கணினிக்குப் பல மணி நேரம் வேண்டும். நூற்றுக்கணக்கான படங்கள் என்றால் மேசைக் கணினி தாங்காது. அதற்காகப் பல்கலைக்கழகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாக இணைத்து வைத்திருக்கின்றன. வங்கியில் இலக்கத்துண்டு எடுப்பதுபோல நாங்கள் வேலையை வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். முறை வரும்போது அது ஓடி முடிந்திருக்கும்.

எங்கள் தொகுதி சென்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடியது. 2014இல் வெளிவந்த அது இலவசமானது, உறுதியானது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதை நம்பியிருந்தன. 2024 ஜூன் 30ஆம் திகதியுடன் அதற்கான ஆதரவு முடிந்தது. அதன்பின் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத் தர ஆளில்லை. நோயாளரின் தரவு இருக்கும் இடத்தில் அப்படி விடமுடியாது. அடுத்த பதிப்பான 8க்கு மாறலாம் என்றால், அது 2021 முடிவுடன் நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். அதனால் பலர் புதிதாக உருவான ரொக்கி லினக்ஸுக்கு மாறினார்கள். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடக்கத்தில் உருவாக்கியவர்களில் ஒருவரான காலஞ்சென்ற ரொக்கி மக்கோ என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. நாங்களும் அதற்கே மாறினோம்.

இந்த மாற்றம் ஒரே இரவில் நடக்கவில்லை. முதலில் சில கணினிகளை மட்டும் வெறுமையாக்கி, புதிய இயங்குதளத்தைப் போட்டு, பரீட்சித்துப் பாருங்கள் என்று எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிறகு பழைய பக்கத்தில் ஓடும் வேலைகள் முடிய முடிய, பகுதி பகுதியாக மற்றக் கணினிகளையும் மாற்றினார்கள். எங்கள் கோப்புகள் தனிச் சேமிப்பகத்தில் அப்படியே இருந்தன. மாறியது கோப்புகளைத் திறந்து கணக்குப் பார்க்கும் சூழல் மட்டுமே.

கணினிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்மேல் மின்னஞ்சலாக வந்தது. "உங்கள் நிரல்களை இப்போதே பரீட்சியுங்கள்" என்று. நான் மருத்துவர், இது அவர்களின் வேலை என்று நினைத்துத் திறக்காமலே விட்டேன். பழைய பக்கம் மூடப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் உட்கார்ந்தேன். நிரல் ஓடவில்லை. அதை எழுதிய மாணவர் எப்போதோ போய்விட்டார். அது பைதன் 2இல் எழுதப்பட்டது. 2020 தொடக்கத்திலேயே ஆதரவு முடிந்த மொழிப் பதிப்பு அது. புதிய பக்கத்தில் அது இல்லை. ஒருவாறு திருத்தி ஓடவைத்தோம். இலக்கங்கள் வந்தன. அப்பாடா என்றிருந்தது.

அந்த இரவுதான் எங்கள் பௌதிகவியல் ரீச்சர் நினைவுக்கு வந்தார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பிவந்து படித்த காலம் அது. ஆய்வுகூடத்தில் எஞ்சியிருந்த வேணியர் இடுக்கிகள் இரண்டே இரண்டு. ஒருநாள் பாதி வாசிப்புகளை ஒன்றால் எடுத்துவிட்டு, அது மற்ற மேசைக்குப் போனதால், மீதியை மற்றதால் எடுத்தேன். ரீச்சர் என் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இது வேறை கருவி. முதல் பூச்சிய வழுவைப் பாரும். பார்க்காட்டில் இந்த வாசிப்பும் அந்த வாசிப்பும் ஒண்டோடை ஒண்டு பேசாது."

எங்கள் முதற் படங்கள் பழைய இயங்குதளத்தில் அளக்கப்பட்டவை. இரண்டு வருடம் கழித்து எடுத்த படங்கள் புதியதில் அளக்கப்படப் போகின்றன. கருவி மாறிவிட்டது. நான் பூச்சிய வழுவைப் பார்க்கவில்லை.

இது வெறும் பயமில்லை. 2012இலேயே நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருந்தார்கள். அதே மூளைப் படத்தை ஃபிரீசேர்ஃபர் என்னும் மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் அளந்தால் பருமன் மாறுகிறது. இயங்குதளத்தின் பதிப்பு மாறினாலும், அதைவிடக் குறைவாக என்றாலும், மாறுகிறது. இயங்குதளத்துக்குள் இருக்கும் கணித நூலகம் தசமத்தின் கடைசி இடங்களில் சற்று வேறாக விடை தருகிறது. ஆயிரக்கணக்கான படிகளில் அந்தச் சிறு வேறுபாடு பெருகிவிடுகிறது. மீள அளக்காமல் நடுவில் மாறவேண்டாம் என்பதே அவர்களின் அறிவுரை.

மறுநாள் கணினிப் பிரிவிலிருந்த இளம்பெண் ஒருத்தியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முடிவு தெரிந்த பழைய படங்கள் பத்தைப் புதிய பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடச் சொன்னாள். பெரும்பாலானவற்றில் வித்தியாசம் அற்பம். ஆனால் இரண்டில், ஒரு முதியவருக்கு ஒரு வருடத்தில் இயல்பாகச் சுருங்கும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. நாங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால், இயங்குதளம் மாறியதை நோய் என்று எழுதியிருப்போம்.

எல்லாப் படங்களையும் முதலிலிருந்து புதிய பக்கத்தில் அளக்க முடிவுசெய்தோம். மாநாட்டுக்கு அனுப்பவிருந்த கட்டுரை நின்றது. அது பெரிய இழப்பல்ல. பெரிய இழப்பு வேறு. சேமிப்பிடம் போதாமல் போன ஒரு நாளில், முடிவு இலக்கங்கள்தான் இருக்கின்றனவே என்று சிலரின் மூலப் படங்களை நானே அழித்திருந்தேன். ஆய்வுக்காக மட்டும் எடுத்த படங்கள் அவை. வைத்தியசாலையில் பிரதி இல்லை. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் அவற்றை அளந்தோம் என்ற குறிப்பும் இல்லாததால் பழைய சூழலை மீள உருவாக்கவும் முடியவில்லை.

அவர்களில் ஒரு தாயார் இடையில் காலமாகியிருந்தார். இரண்டு தடவையும் பஸ்ஸில் வந்து, அந்த இரைச்சல் குழாய்க்குள் அசையாமல் கிடந்தவர். "எனக்கு உதவாவிட்டாலும் பின்னால் வருபவர்களுக்கு உதவும்தானே" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவரை ஆய்விலிருந்து நீக்கவேண்டி வந்தது. காரணத்தை மறைக்காமல் அவருடைய மகளுக்குக் கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதக் கடினமாக இருந்த கடிதங்களில் அது ஒன்று.

இப்போது எங்கள் குழுவில் மூன்று வழக்கங்கள் உண்டு. மூலப் படத்தை எவரும் அழிப்பதில்லை. எந்தப் பதிப்பில் அளந்தோம் என்று ஒவ்வொரு முடிவோடும் எழுதி வைக்கிறோம். மென்பொருளையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஆப்டெய்னர் என்னும் கருவியால் ஒரே பொதியாகக் கட்டி வைக்கிறோம். அடியில் இயங்குதளம் மாறினாலும் பொதிக்குள் இருக்கும் மென்பொருள் மாறாது.

இது ஆய்வாளர்களுக்கு மட்டுமான விஷயமில்லை. நமது சங்கத்தின் பழைய அறிக்கைகளும் அங்கத்தவர் பட்டியல்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். கோப்பு பத்திரமாக இருக்கும், வாசிக்கத்தான் முடியாது. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூலத்தையும் வைத்திருக்க வேண்டும். பழைய கணினி இன்னும் ஓடும்போதே, அதைத் தட்டச்சு செய்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்தால் நல்லது. பொறுப்பெடுக்க இளம் தங்கைமார் முன்வந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு நான் வருகிறேன்.

எங்கள் ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. அவர் திருத்திய செய்முறைக் கொப்பி என்னிடம் இருக்கிறது. பிழையான வாசிப்பை அவர் ஒருபோதும் அழிக்க விட்டதில்லை. ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்வார். அந்தப் பழக்கத்தில்தான் இன்று என் பிழையையும் அழிக்காமல் உங்கள்முன் வைத்தேன்.