ஏன் ஓடவில்லை? – புதுக் கம்ப்யூட்டரின் பழுதைக் கண்டுபிடிக்கும் கலை



பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே பூட்டிய புதுக் கம்ப்யூட்டர். பவர் பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் சொன்னாலும் இதற்கு ஒரே பெயர்தான்: டிஸ்ப்ளே வரவில்லை. அந்த ஒரு பெயருக்குள் பத்து இருபது காரணங்கள் ஒளிந்திருக்கும். அவற்றில் உண்மையான ஒன்றைக் கண்டுபிடிக்கும் வேலையை ரிப்பேர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது ஒழுங்கும் இலக்கணமும் உள்ள ஒரு கலை என்பது என் கருத்து. அந்தக் கலையில் எது உயர்ந்தது, எது குறையுடையது என்று எடைபோட்டுப் பார்க்கவே இந்த உரை.

எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதா என்பது முதல் கேள்வி. இத்தனை நேரம் ஏன் ஓடாமல் இருந்தது என்று சொல்ல முடிகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் பதில் கிடைத்தால்தான் வேலை முடிந்தது.

பொத்தானை அழுத்திய பிறகு உள்ளே என்ன நடக்கிறது? மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதும், தொடங்கலாம் என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை தருகிறது. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் வேலையைத் தொடங்கி ரேமைத் தயார் செய்கிறது. அதன் பிறகு கிராபிக்ஸ். விண்டோஸோ லினக்ஸோ இருக்கும் டிஸ்க்கைத் தேடுவது கடைசியில்தான். பவர் போட்டதும் நடக்கும் இந்தச் சுயபரிசோதனை, 1981 ஆகஸ்டில் வெளிவந்த முதல் ஐபிஎம் பிசியிலேயே இருந்தது. எல்லாம் சரி என்றால் ஒரு சிறு பீப் ஒலி. நினைவகத்தில் பழுது என்றால் திரையில் 201 என்ற எண்.

இந்த வரிசை தெரிந்தவருக்கு இரண்டு உண்மைகள் உடனே விளங்கும். விசிறி சுற்றுவது மின்சாரம் வந்ததற்கு மட்டுமே சாட்சி. திரை கறுப்பாக இருப்பதற்கு மானிட்டரோ கிராபிக்ஸ் கார்டோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு முந்தைய படியான ரேமைத் தாண்டவே முடியாமல் மதர்போர்டு நின்றிருக்கலாம்.

ரேம் ஏன் இவ்வளவு நுட்பமான பொருள்? ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றைக்கும் அதன் அடிப்படை. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழியம். அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் குறையாமலிருக்க ஊற்றிக்கொண்டே இருப்பதைப்போல, டிடிஆர்4 ரேமில் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லிவிநாடிக்குள் புதுப்பித்தாக வேண்டும்.

இதன்மேல் வேகம் வேறு. டிடிஆர்5 ரேமுக்கான தரநிலை 2020-ல் வெளியானது. அதன் தொடக்கநிலை ஸ்டிக்குகளில் எழுதியிருக்கும் 4800 என்ற எண், ஒவ்வொரு தரவுத் தடத்திலும் விநாடிக்கு 480 கோடி பிட்டுகள் போவதைக் குறிக்கிறது. இந்த வேகத்தில் மதர்போர்டின் செப்புத் தடங்களுக்கு இடையே சில மில்லிமீட்டர் நீள வேறுபாடு இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஆகவே முதல் முறை பவர் போட்டதும் ஒவ்வொரு தடத்துக்கும் சரியான நேரக்கணக்கை மதர்போர்டு சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிக்கிறது. இதை மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். 2022-ல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கான ஏஎம்5 மதர்போர்டுகளில் இந்த முதல் டிரெய்னிங் சில நிமிடங்கள்கூடப் பிடிக்கும். அதுவரை திரை கறுப்புதான். பொறுமையிழந்து நடுவில் அணைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எனவே இந்தக் கலையின் முதல் பாடம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. புதிய டிடிஆர்5 கம்ப்யூட்டருக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

காத்திருந்தும் பயனில்லை என்றால், அடுத்த பாடம் குறைத்தல். மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ். இவ்வளவு போதும். பிராசசரில் உள்கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது. அப்படிப்பட்ட பிராசசரைப் போட்டுவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் எந்தக் காலத்திலும் படம் வராது. பிராசசருக்கென்று மேல் மூலையில் தனியாக ஓர் எட்டுப் பின் மின்இணைப்பு இருக்கிறது. அதை மறந்தாலும் விசிறி சுற்றும், கம்ப்யூட்டர் எழாது. கேபினெட்டுக்கு வெளியே ஓடுகிற போர்டு உள்ளே வைத்ததும் நின்றால், பின்புறம் தேவையில்லாத இடத்தில் இருக்கும் ஸ்டாண்ட்-ஆஃப் திருகு எதையோ தொட்டு ஷார்ட் ஆக்குகிறது என்று சந்தேகிக்கலாம். குறைத்தல் என்ற ஒரே செயல் இத்தனை காரணங்களை ஒரே அடியில் வடிகட்டிவிடுகிறது. இந்தக் கலையில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

குறைத்த பிறகு, இயந்திரம் தானே சொல்வதைக் கேட்க வேண்டும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில் தடை. டிராம் விளக்கு அணையாமல் நின்றால் ரேம் பக்கம் போக வேண்டும். பூட் விளக்கு மட்டும் எரிந்தால் பெரும்பாலும் கவலையே வேண்டாம். புது டிஸ்க்கில் இயங்குதளம் இன்னும் ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். சிபியூ விளக்கு அணையாமல் நின்றால் பயாஸின் வயதையும் பாருங்கள். 2022-ல் வந்த பி650 போர்டு ஒன்று கடையில் பழைய பயாஸுடனேயே கிடந்திருந்தால், 2024-ல் வந்த ரைசன் 9000 பிராசசரை அது அடையாளம் காணாது. பிராசசரின் உதவியே இல்லாமல், யூஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பல போர்டுகளில் இதற்காகவே இருக்கிறது.

ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடுகிறவர்கள், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. காரணம் இருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் ஒரு பாதையின், அதாவது சேனலின், தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு அடுத்ததில் போய் முடிகிறது. முடிவில் இருக்கும் ஸ்லாட் காலியாக இருந்தால், சமிக்ஞை அந்த வெறும் முனையில் மோதித் திரும்பி வந்து, பின்னால் வரும் சமிக்ஞையைக் கெடுக்கும்.

இனி இந்தக் கலையின் நெஞ்சுப் பகுதிக்கு வருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டு ரேம் ஸ்டிக், இரண்டு ஸ்லாட் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்டிக்கை முதல் ஸ்லாட்டில் போட்டு ஒரு முறை, இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஒரு முறை. அடுத்த ஸ்டிக்கையும் அப்படியே. மொத்தம் நான்கு சோதனை. பழுது ஸ்டிக்கோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் ஸ்டிக்கில். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பழுது நின்றால் ஸ்டிக் நிரபராதி. அப்போது பார்க்க வேண்டியது ஸ்லாட்டை, அதைவிட முக்கியமாகப் பிராசசர் சாக்கெட்டை. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது பிராசசருக்குள்ளேயே இருப்பதால், சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும் ஒரு சேனல் முழுவதும் காணாமல் போகலாம். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுக்கினாலும் அதே விளைவு வரக்கூடும். ஸ்டிக்கைக் கடையில் கொடுத்து மாற்றி மாற்றிச் சலித்தவர்களுக்கு, தவறு ரேமிலேயே இல்லை என்பதைக் காட்டித் தருவது இந்த நான்கு சோதனைகள்தான்.

நம் ஊரில் வழிவழியாக வரும் வைத்தியம் ஒன்றையும் இங்கே எடைபோட வேண்டும். டிஸ்ப்ளே வரவில்லையா, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்துப் போடு என்பார்கள். பல பழைய கம்ப்யூட்டர்கள் இதனால் எழுந்தது உண்மை. ஆண்டுக்கணக்கில் தூசியும் அழுக்கும் படிந்த முனைகளைச் சுத்தம் செய்வதற்கு நியாயம் உண்டு. ஆனால் நேற்று உறை பிரித்த ரேமில் துடைக்க அழுக்கே இல்லை. அங்கே தேய்ப்பதால் மெல்லிய தங்கப்பூச்சு தேயும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். அப்படியும் சில நேரம் கம்ப்யூட்டர் எழுகிறதே என்றால், தேய்த்ததால் அல்ல. கழற்றித் திரும்பச் செருகும்போது இந்தத் தடவை ஸ்டிக் முழுவதுமாக உள்ளே போய், பூட்டு விழுந்ததால். பலன் கிடைத்தது, காரணம் தவறு. அடுத்த முறையும் அவர் ரப்பரையே தேடுவார். என் இரண்டாவது கேள்வி எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதுவரை எழாத கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினேன். எழுந்துவிட்டு, அரைகுறையாக ஓடுவது அதைவிட ஆபத்தானது. விண்டோஸ் ஏற்றும்போது பாதியில் பிழை, சுருக்கிய கோப்பை விரித்தால் கெட்டுவிட்டது என்ற செய்தி, அவ்வப்போது நீலத்திரை. இதற்குப் பெருங்காரணம் ஒன்று, எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற வேக அமைப்புகள். ரேம் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தால், அது அந்த ஸ்டிக்கின் திறமைக்கு மட்டுமே வாக்குறுதி. பிராசசரும் மதர்போர்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ரைசன் 7000 பிராசசர்களுக்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200; நான்கு ஸ்டிக் போட்டால் 3600 மட்டுமே. வேக அமைப்பை அணைத்ததும் தொல்லை நின்றால் ஸ்டிக்கைப் பழிக்க வேண்டியதில்லை. அந்த அமைப்பால் கம்ப்யூட்டர் எழவே மறுத்தால், மின்கம்பியை உருவிவிட்டு, சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

வேகத்தைக் குறைத்தும் பிழை வந்தால், நீதிபதி மெம்டெஸ்ட்86. கிறிஸ் பிராடி 1990-களில் எழுதிய நிரல் அது. மெம்டெஸ்ட்86 பிளஸ் அதிலிருந்து கிளைத்தது. இயங்குதளமே இல்லாமல் யூஎஸ்பி டிரைவிலிருந்து ஓடி, நினைவகம் முழுவதும் வெவ்வேறு வடிவங்களை எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடும். ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பை நம்பக் கூடாது. அது தற்செயலாக நேர்ந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தற்செயல் பிழை உண்டுதான். சில்லின் பீங்கான் உறையில் கலந்திருந்த கதிரியக்கத் தனிமங்கள் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் ரேமின் பிட்டைப் புரட்டுகின்றன என்று இன்டெல்லின் திமோத்தி மே 1970-களின் இறுதியில் கண்டறிந்தார். ஆனால் கூகுள் தன் சர்வர்களில் செய்து 2009-ல் வெளியான ஆய்வு, ரேம் பிழைகளில் பெரும்பங்கு இத்தகைய தற்செயல் பிழைகள் அல்ல, வன்பொருளின் பழுதே என்று காட்டியது. சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். அதே முகவரியில் பிழை மறுபடி வந்தால் ஐயமில்லை. இந்த நீதிபதிக்கும் ஒரு வரம்பு உண்டு. பிழை காட்டினால் தீர்ப்பு உறுதி. பிழை காட்டாவிட்டால், இன்றிரவு பிழை நேரவில்லை என்று மட்டுமே பொருள்.

ஆக, இந்தக் கலையின் மேன்மை கருவிகளில் இல்லை. ஒரு திருப்புளி, ஒரு யூஎஸ்பி டிரைவ், குறித்துக்கொள்ள ஒரு தாள், இவை போதும். ஊகத்தைத் தள்ளிவைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பார்த்து, எழுதி வைப்பதில்தான் அதன் மேன்மை இருக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க முயலும் அறிவியல் முறையை, ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் மேசையிலேயே, தன் பணம் போட்ட பொருளிலேயே கற்றுக்கொள்ள முடிகிறது.

அதன் குறை நம் சந்தையில் இருக்கிறது. பாகத்துக்கு விலை கொடுக்கிறோம். காரணம் கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுப்பதில்லை. அதனால் கடைக்காரர் ரேமை மாற்றுகிறார், பயாஸ் அமைப்புகளை அழிக்கிறார், கேபிளையும் மாற்றுகிறார், மூன்றையும் ஒரே நேரத்தில் செய்கிறார். கம்ப்யூட்டர் ஓடுகிறது. எது சரிசெய்தது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நல்ல ரேம் ஒன்று குப்பைக்குப் போகிறது, வளைந்த பின் அப்படியே இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்து தருகிறவரிடம், எதனால் இப்படி ஆனது என்று கேளுங்கள். விளக்கிச் சொல்லத் தெரிந்தவருக்கு, பாகம் எதுவும் மாற்றாமல் வேலையை முடித்திருந்தாலும், முழுக் கூலியைக் கொடுங்கள். அந்த விளக்கம்தான் அவருடைய தொழில்.