பறப்பதற்கு முன் வரும் பயம்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"உமக்கு நன்றாகத் தெரிந்த விடயமொன்றைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் என்னிடம் சொன்னார். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று பயம். அதிலும் ஆகாய விமானத்தில் ஏறுவதற்கு முன் வரும் பயம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பாதகமில்லை. ஆனால் உதைபந்தாட்டப் பிரியர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். ஆர்சனல் அணியின் டெனிஸ் பெர்க்காம்ப், 1994 உலகக் கிண்ணப் போட்டிகளின் பின் விமானமேறுவதையே விட்டுவிட்டார். எந்தப் பின்காப்பாளனுக்கும் அஞ்சாத மனிதர் அவர்.

என் கதைக்கு வருகிறேன். 2025 ஓகஸ்ட் விடுமுறையில் திருச்சிராப்பள்ளிக்குப் போய், அங்கிருந்து திருவானைக்கா, சிதம்பரம், மதுரை என்று தரிசித்து வருவது அம்மாவின் நெடுநாளைய ஆசை. பெரியம்மாவும் கூட வருவதாக ஏற்பாடு. யூன் தொடக்கத்தில் ரிக்கற்றும் வாங்கியாயிற்று. யூன் 12 ஆந் திகதி அகமதாபாத்தில் இலண்டனுக்குப் புறப்பட்ட விமானம் ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. அதில் இருந்த 242 பேரில் ஒருவரே உயிர் தப்பினார். அந்தக் காட்சியைக் கைத்தொலைபேசியில் அன்றிரவு எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பார்க்கப் பார்க்க அது எங்களுடைய விமானமாகவே எனக்குத் தோன்றிற்று.

அதன்பின் ஒழுங்காக நித்திரை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. காலி வீதியில் நிற்கும்போது மேலே ஒரு விமானத்தின் இரைச்சல் கேட்டாலும் உள்ளங்கை வியர்க்கும். கடைசியில் ஒரு பொய் சொன்னேன். "அம்மா, பரீட்சையை ஓகஸ்டுக்கு மாற்றிப்போட்டினம், நான் வர ஏலாது" என்றேன். அம்மா ஒன்றும் கோபிக்கவில்லை. "நீ வராமல் நாங்கள் போகேல்லை. தையிலை பாப்பம்" என்று சொல்லிவிட்டு, கோயிலுக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையைத் திரும்பவும் அலுமாரியில் மடித்து வைத்தார்.

அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். வெட்கம் இருந்தது, அதைவிட ஆறுதல் பெரிதாயிருந்தது. மனோதத்துவம் கற்றவர்கள் இந்த ஆறுதலைத்தான் பொறி என்கிறார்கள். அஞ்சிய காரியத்தை விட்டு விலகியதும் மனம், "பார், விலகினபடியால் தப்பினாய்" என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் சற்று வளர்ந்தே வருகிறது. விலக விலக அது கொழுக்கிறது.

நான் படித்தது மிஷன் பாடசாலையில். காலைக் கூட்டத்தில் "பயப்படாதே" என்னும் வேதவசனத்தை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். வீட்டுச் சுவரிலோ நடராசப் பெருமானின் அஞ்சேல் என்னும் திருக்கரம். இரண்டையும் பார்த்து வளர்ந்தும் என் பயம் போகவில்லையே என்று எனக்கொரு குறை இருந்தது. பின்னர்தான் யோசித்தேன்: பயப்படாதவனிடம் எவரும் "அஞ்சேல்" என்று சொல்லத் தேவையில்லையே!

என் பொய் நான்கு நாள்தான் நின்றது. பெரியம்மா வெள்ளவத்தையிலிருந்து வந்தார். என்னைப் பின்விறாந்தைக்கு அழைத்து, "பரீட்சையை ஏன் மோனை இழுக்கிறாய்? பயமெண்டு சொல்லன்" என்றார். பிறகு, அதுவரை எங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1998 மாசியில் அவர் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானத்தில் வந்தவர். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அடைபட்டிருந்த காலம் அது. அதே ஆண்டு செப்டெம்பர் 29 ஆந் திகதி, அதே வழியில் 55 பேருடன் புறப்பட்ட லயன் எயர் அன்ரனோவ் விமானம் மன்னாருக்கு வடக்கே, இரணைதீவுப் பக்கத்துக் கடலில் விழுந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012 இல்தான். "நான் இருந்த கதிரையிலை ஆர் இருந்திச்சினமோ எண்டு இண்டைக்கும் நினைக்கிறனான்" என்றார் பெரியம்மா. அன்றிலிருந்து இருபத்தேழு வருடமாக அவர் விமானத்தில் ஏறவில்லை. இம்முறை தங்கைக்காக ஒப்புக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லை? பயம் போனாப் பிறகு போவமெண்டு இருந்தனான். அது போகேல்லை. இனி அதையும் கூட்டிக்கொண்டுதான் போகவேணும்."

நான் உள்ளே போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா முதலில் ஏசினார். பிறகு தேத்தண்ணி தந்தார். அந்த இரண்டு நிமிட ஏச்சில் என் பாரத்தில் பாதி இறங்கிவிட்டது. மறைத்து வைத்த பயத்துக்குத்தான் எடை கூட என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு நான் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் அந்தக் காட்சிகளைப் பார்ப்பதை நிறுத்தினேன். இரண்டாவதாக, பெரியம்மாவின் பயத்தையும் என் பயத்தையும் பிரித்துப் பார்த்தேன். 1998 இல் அந்த வான்வழியில் அஞ்சியவர்களுக்குக் காரணம் இருந்தது. 2025 இல் எனக்கு என்ன காரணம்? அமெரிக்காவிலுள்ள மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் பேராசிரியர் ஆர்னல்ட் பார்னெட் குழுவினரின் கணக்குப்படி, 2018 முதல் 2022 வரை உலகில் விமானமேறிய ஒவ்வொரு 1 கோடி 37 இலட்சம் பயணங்களுக்கு ஒருவரே இறந்திருக்கிறார். 1968 முதல் 1977 வரை அது மூன்றரை இலட்சத்துக்கு ஒருவராக இருந்தது. அகமதாபாத் இந்தக் கணக்குக்குப் பிந்தியதுதான். ஆயினும் ஒரு பெருந்துயரம் உலகம் முழுதும் செய்தியாவது அது அரிதாயிருப்பதாற்கூட அல்லவா? நாம் தினமும் காலி வீதியைக் குறுக்கே கடக்கும் விதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எண்கள் மூளைக்குப் போதும், வயிற்றுக்குப் போதா. ஆகவே பௌதிகவியல் படிப்பித்த என் பழைய ஆசிரியரிடம் போனேன். எந்தச் சத்தம் எதற்கு என்று அவர் விளக்கினார். நிலத்தை விட்டெழுந்த சிறிது நேரத்தில் காலடியில் "தடால்" என்று கேட்பது சில்லுகள் உள்ளே மடங்கும் ஓசை. சற்று உயர்ந்ததும் இயந்திர இரைச்சல் திடீரெனத் தணிவது பழுதல்ல; புறப்படத் தேவையான முழு வலு அதற்குமேல் வேண்டியதில்லை என்று விமானி குறைப்பது. செட்டை வளைவதும் வளைய வேண்டுமென்றே. பறப்பில் எதிர்பார்க்கும் ஆகக் கூடிய சுமையின் ஒன்றரை மடங்கைத் தாங்குமா என்று சோதித்த பின்னரே அதற்கு அனுமதி. காற்றுக் குழப்பத்தில் விமானம் குலுங்குவது மேடுபள்ள வீதியில் பஸ் குலுங்குவது போன்றது. பட்டியைக் கட்டியிருப்பவனுக்கு அச்சம் குறைவு.

"இயந்திரம் இரண்டும் நின்றுபோனால்?" என்று கேட்டேன். கல்லைப்போல விழாது, மிதந்து இறங்கும் என்றார். 2001 ஓகஸ்ட் 24 இல் 306 பேருடன் அத்திலாந்திக்கைக் கடந்த எயர் ட்ரான்சற் விமானம் எரிபொருள் ஒழுகி, இரண்டு இயந்திரமும் நின்ற நிலையில் ஏறத்தாழ 19 நிமிடம் மிதந்து அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. அனைவரும் உயிர் பிழைத்தனர்.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு எண்ணி இழுத்து, ஆறோ ஏழோ எண்ணி மெதுவாக விடவேண்டும். வெளிவிடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு தணியும். பயம் இவற்றுக்கும் அடங்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள். இதற்கென்றே படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை உண்டு. பக்கத்து வீட்டார் தரும் குளிசையை விழுங்க வேண்டாம்.

புறப்படும் நாள் வந்தது. கட்டுநாயக்காவில் வரிசையில் நின்றபோது என் முழங்கால்கள் தம் இஷ்டப்படி ஆடின. ஆனாலும் ஓர் அதிசயம் கண்டேன்: ஏழு வாரமாக என்னை வாட்டியது போல அந்த விமானத்தளம் என்னை வாட்டவில்லை. உள்ளே இருந்த ஒரு மணித்தியாலத்தைவிட, அதை எண்ணியிருந்த நாட்களே கொடியவை.

பெரியம்மா சன்னலோர இருக்கை கேட்டு வாங்கியிருந்தார். சீதாபிராட்டியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே சொல்லவேண்டும். இலங்கைக்கு ஆகாயவழி முதலில் வந்தவர் அவர்தானே! அழுதுகொண்டே வந்தவர், அந்த அழுகையிலும் நகைகளை முடிந்து கீழே போட்டார். திரும்பும்போது புட்பக விமானத்தில் இராமபிரான் சேதுவைக் காட்டக் காட்டப் பார்த்துக்கொண்டு போனார். "பயந்தால் கண்ணை மூடாதை, கீழை என்ன இருக்கெண்டு பார்" என்பது பெரியம்மாவின் வியாக்கியானம். 1947 டிசம்பர் 10 இல் எயர் சிலோன் தன் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அதன் டகோட்டா விமானங்களுள் ஒன்றுக்குச் சீதாதேவி என்று பெயரிட்டவர்களும் இந்தக் கதையை நினைத்திருப்பார்கள் போலும்.

"தடால்" என்றது. "சில்லு" என்றேன் நான். "சரி" என்றார் பெரியம்மா. இரைச்சல் தணிந்தது. என் கையைப் பிடித்தார். யாருடைய கை நடுங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. புத்தளம் வாவி தெரிந்தது. அதன் பின் மன்னார்த் தீவு. அதற்கும் அப்பால், வடகிழக்கே, வெயிலில் மங்கலாக ஒரு கடற்பரப்பு. பெரியம்மா நெற்றியைக் கண்ணாடியில் வைத்து வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன, தேவாரமா, பெயர்களா என்று நான் கேட்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "தேத்தண்ணி தருவினமோ?" என்றார்.

சிதம்பரத்தில் அம்மா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டார். கொழும்புக்குத் திரும்பும் நாளிலும் எனக்குப் பயம் வந்தது. ஆனால் அன்று காலையில்தான் வந்தது. சன்னலோர இருக்கையை இம்முறை எனக்குத் தரும்படி பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் தரவில்லை.